ஸ்பானிஷ் செய்திகளில் மரபணுப் பரிசோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் ஊடகம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியுமா?

முழுதாக முடியாது. மாட்ரிட்டின் எல் பாயிஸ், புவனோஸ் அயர்ஸின் கிளாரின், கொலம்பியாவின் எல் எஸ்பெக்தாதோர், அமெரிக்காவிலிருந்து ஒளிபரப்பாகும் யூனிவிஷன் எல்லாவற்றுக்கும் மொழி ஒன்று. நாடும் அரசியலும் வேறு வேறு. ஆனாலும் மரபணுப் பரிசோதனை என்று வரும்போது இவற்றில் ஒரு பொதுப்போக்கைப் பார்க்கலாம். ஆங்கிலச் செய்திகளில் இந்தப் பரிசோதனை பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடும் நோயோடும் சேர்ந்து வரும். ஸ்பானிஷ் செய்திகளில் அது முதலில் குடும்பத்தைப் பற்றிய விஷயம்: நீ யார், உன் அப்பா அம்மா யார், காணாமல் போனவர் எங்கே. நோய் அதற்கு அப்புறம்தான்.

தொடர்ந்து படித்துவரும் எனக்கு இந்த வரிசை முக்கியமாகப் படுகிறது. ரத்த உறவைக் கண்டுபிடிக்கும் சோதனை கிட்டத்தட்ட உறுதியான பதில் தரும். நோய் வருமா என்று பார்க்கும் சோதனை பெரும்பாலும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். முதல் வகையை எழுதிப் பழகிய கை இரண்டாவது வகையையும் அதே உறுதியோடு எழுதிவிடுகிறது. கீழே வரும் பதில்களில் பல இதைச் சுற்றித்தான் இருக்கின்றன.

ஏன் ரத்த உறவு முதலில் வந்தது?

அர்ஜென்டினாவால். அங்கே 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி நடந்தது. பிடித்துச் செல்லப்பட்ட இளம்பெண்கள் சிலர் கர்ப்பிணிகள். ரகசியத் தடுப்பு முகாம்களில் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளை ராணுவத்தினரும் அவர்களுக்கு வேண்டியவர்களும் தங்கள் பிள்ளைகளாகப் பதிவுசெய்து வளர்த்தார்கள். தாய்மார் கொல்லப்பட்டார்கள். இப்படித் திருடப்பட்ட குழந்தைகள் சுமார் 500 பேர் என்பது பிளாசா தே மாயோ பாட்டிமார் அமைப்பின் கணக்கு. பேரப்பிள்ளைகளைத் தேடி 1977-ல் அந்தப் பாட்டிமார் ஒன்றுசேர்ந்தார்கள்.

அவர்களுக்கு அறிவியலின் வழியைக் காட்டியதே ஒரு செய்தித்தாள்தான். 1970-களின் கடைசியில் லா பிளாட்டா நகரத்து எல் தியா நாளிதழில் ஒரு செய்தி வந்தது. தன் குழந்தை இல்லை என்று மறுத்த ஒருவரை ரத்தப் பரிசோதனை மூலம் தந்தை என்று நிரூபித்தார்கள் என்பதுதான் அது. படித்த பாட்டிமார் கேட்ட கேள்வி இது: பெற்றோர் இருவருமே உயிரோடு இல்லையென்றால், எங்கள் ரத்தம் போதுமா?

இந்தக் கேள்வியோடு அவர்கள் பல நாடுகளுக்குப் போனார்கள். நியூயார்க்கில் அர்ஜென்டினா மரபியலாளர் விக்தோர் பென்சஸாதே, ரத்த மையத்தில் பணிபுரிந்த ஃபிரெட் ஆலன், பிறகு கலிஃபோர்னியாவில் மேரி-கிளேர் கிங் ஆகியோர் உதவ, தாத்தா பாட்டியின் ரத்தத்தை வைத்தே உறவைக் கணக்கிடும் முறை உருவானது. முதலில் வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் அடையாளப் புரதங்களை ஒப்பிட்டார்கள். அப்புறம் தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்க்கும் முறை வந்தது. அது வந்த பிறகு அம்மாவின் அம்மா ஒருவர் இருந்தாலே ஒப்பிட முடிந்தது. இந்த முறையில் அடையாளம் காணப்பட்ட முதல் குழந்தை 1984-ல் தன் குடும்பத்திடம் திரும்பியது. 1987-ல் தேசிய மரபணுத் தரவு வங்கி சட்டப்படி அமைந்தது. அதே மேரி-கிளேர் கிங்தான் 1990-ல் பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான பிஆர்சிஏ1 மரபணு எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டியவர். இந்தத் தொடர்பை ஸ்பானிஷ் பத்திரிகைகள் அடிக்கடி நினைவூட்டுகின்றன, அதில் நியாயம் இருக்கிறது.

2025 ஜூலையில் 140-வது பேரப்பிள்ளை கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வந்தது. ஒவ்வொருவரும் செய்தியில் ஒரு எண்ணோடு வருகிறார்கள். அமைப்பின் தலைவி எஸ்தேலா தே கார்லோத்தோவின் சொந்தப் பேரன் 114-வது. 2014 ஆகஸ்டில், தன் பிறப்பைப் பற்றிச் சந்தேகம் வந்து தானாகவே ரத்தம் கொடுத்தவர். அவருடைய பெயர் அன்றைக்கே எல்லா ஊடகங்களிலும் வந்துவிட்டது. முப்பத்தாறு வயதில் ஒருவருக்குத் தன் பெற்றோர் யார் என்று தெரியவருகிறது. அதை அவர் உள்வாங்கிக்கொள்வதற்கு முன்பே நாடு முழுக்கத் தெரிந்துவிட்டால் எப்படி இருக்கும்? நல்ல செய்தி என்பதாலேயே இந்தக் கேள்வி அந்த நாளின் கொண்டாட்டத்தில் அமுங்கிப்போனது.

பத்திரிகை முதலாளியின் வீட்டுக்கே இந்தச் சோதனை போனபோது என்ன ஆனது?

கிளாரின் குழுமத்தின் உரிமையாளர் எர்னெஸ்தினா எர்ரேரா தே நோப்லே 1976-ல் இரண்டு குழந்தைகளைத் தத்தெடுத்தார். அவர்கள் காணாமல் போனவர்களின் பிள்ளைகளாக இருக்கலாம் என்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2002-ல் அவர் கைதுகூட ஆனார். அதிபர் கிறிஸ்தினா கிர்ச்னரின் அரசுக்கும் கிளாரினுக்கும் பகை முற்றிய காலத்தில் வழக்கு இன்னும் சூடேறியது. கடைசியில், 2011-ல் சோதனை நடந்தது. தேசிய மரபணுத் தரவு வங்கியில் இருந்த எந்தக் குடும்பத்தின் மாதிரியோடும் பொருந்தவில்லை.

அப்போது வந்த செய்திகளை இன்று படித்தாலும் பாடம் இருக்கிறது. ஒரு தரப்பு, வழக்கே பொய் என்று சோதனை நிரூபித்துவிட்டதாக எழுதியது. எதிர்த்தரப்பு, வங்கியில் எல்லாக் குடும்பங்களின் மாதிரியும் இல்லை என்பதையே பிடித்துக்கொண்டது. சோதனை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இங்கே இருக்கும் மாதிரிகளோடு பொருத்தமில்லை. அதற்கு மேல் எழுதியது எல்லாம் அவரவர் அரசியல். அந்த இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை இந்தச் சண்டையில் பந்தாடப்பட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

மெக்சிகோவில்?

அங்கே டிஎன்ஏ என்றாலே புதைகுழி நினைவுக்கு வரும். அதிகாரபூர்வப் பதிவில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை 2022-ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. 2014 செப்டம்பரில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் 43 மாணவர்கள் காணாமல் போனார்கள். அந்த டிசம்பரில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் ஆய்வகம் ஒரு எலும்புத் துண்டு அவர்களில் ஒருவருடையது என்று உறுதிசெய்தது. கொகுலா குப்பைமேட்டில் மாணவர்கள் எரிக்கப்பட்டார்கள் என்பது அரசின் கதை. எலும்பு அடையாளம் காணப்பட்டதும் அந்தக் கதையே நிரூபணமானதுபோல் செய்திகள் வந்தன. குடும்பங்களுக்காகப் பணியாற்றிய அர்ஜென்டினா தடயவியல் மானுடவியல் குழு உடனே மறுத்தது. எலும்புப் பை கண்டெடுக்கப்பட்டபோது தாங்கள் அங்கே இல்லை, அது எங்கிருந்து வந்தது என்பதற்குத் தங்களால் சாட்சி சொல்ல முடியாது என்றது. எலும்பு யாருடையது என்று டிஎன்ஏ சொல்லும். எங்கே, எப்படி, யார் கையால் என்று சொல்லாது. அந்த மறுப்பை விரிவாகப் போட்ட பத்திரிகைகள் அன்று தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன.

ஸ்பெயினின் "திருடப்பட்ட குழந்தைகள்" விவகாரம் என்ன?

சர்வாதிகாரி ஃபிராங்கோவின் காலத்திலும் அதன் பிறகும் மகப்பேறு மனைகளில் "குழந்தை இறந்துவிட்டது" என்று தாயிடம் சொல்லிவிட்டு, வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு. 2011 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்களின் சங்கம் 261 வழக்குகளை ஒன்றாகச் சேர்த்து அரசு வழக்குரைஞரிடம் கொடுத்தது. அதிலிருந்து தொலைக்காட்சிகள் இதை விடவில்லை. தாயும் மகளும் டிஎன்ஏ சோதனைக்குப் பின் கட்டிப்பிடித்து அழும் காட்சிக்குப் பார்வையாளர்கள் இருந்தார்கள்.

நீதிமன்றம் வரை வந்த முதல் வழக்கில் 2018-ல் மாட்ரிட் நீதிமன்றம், எதுவார்தோ வேலா என்ற மருத்துவர் குற்றங்களைச் செய்தார் என்று கண்டது. ஆனால் காலம் கடந்துவிட்டதால் தண்டிக்கவில்லை. அடுத்த ஆண்டே வழக்குத் தொடுத்த பெண், அமெரிக்க டிஎன்ஏ தரவுத்தளம் ஒன்றின் மூலம் தன் உறவினர்களைக் கண்டுபிடித்தார். அவருடைய தாய் மனமொப்பித்தான் குழந்தையைக் கொடுத்திருந்தார் என்று தெரியவந்தது. சில பத்திரிகைகள் இதை வைத்து மொத்த விவகாரத்தையும் கட்டுக்கதை என்றன. அது அநியாயம். ஒருவருடைய சோதனை அவருடைய கதையைத்தான் தெளிவாக்கும். மற்றவர்களுடைய கோப்புகளைப் பொய்யாக்காது. பிறப்புப் பதிவேட்டில் பொய்த் தகவல் எழுதப்பட்டது என்பதும் மாறவில்லை.

பிரபலங்களின் தந்தைமை வழக்குகளுக்கு ஏன் இவ்வளவு இடம்?

விற்கும் என்பதால். ஓவியர் சால்வடோர் டாலி விஷயம் நல்ல உதாரணம். தான் அவருடைய மகள் என்று ஒரு பெண் வழக்குப் போட, 2017 ஜூலை 20 இரவு, ஃபிகேரஸ் நகர அருங்காட்சியகத்துக்கு அடியில் இருந்த அவருடைய கல்லறையைத் திறந்தார்கள். டிரோன் படம் எடுத்துவிடக் கூடாது என்று கண்ணாடிக் கூரைக்கு மறைப்புப் போட்டார்கள். தலைமுடி, நகம், இரண்டு நீண்ட எலும்புகள் எடுக்கப்பட்டன. 1989-ல் இறந்தவருடைய மீசை கடிகார முள் பத்து மணி பத்து நிமிடம் காட்டுவதுபோல் அப்படியே இருந்தது என்று உடலைப் பதப்படுத்தியவர் சொன்னார். உலகமே அந்த மீசையை எழுதியது. செப்டம்பரில் முடிவு வந்தது: அவர் தந்தை இல்லை. அந்தச் செய்தியின் அளவு மீசைச் செய்தியின் அருகில்கூட வரவில்லை.

இந்த வழக்குகளில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. 99 சதவீதத்துக்கு மேல் பொருத்தம், அல்லது பொருத்தமே இல்லை என்று முடிவு தெளிவாக வரும், நிருபரும் தெளிவாக எழுதலாம். இந்தத் தெளிவு எல்லா மரபணுச் சோதனைக்கும் பொதுவானது என்று வாசகர் நினைத்துக்கொள்வதுதான் சிக்கல்.

கொலம்பஸ் யூதர் என்று டிஎன்ஏ நிரூபித்துவிட்டதா?

இல்லை. 2024 அக்டோபர் 12, ஸ்பெயினின் தேசிய நாளன்று, அரசுத் தொலைக்காட்சி ஆர்டிவிஇ ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதில் கிரனாடா பல்கலைக்கழகத்தின் ஹோசே அந்தோனியோ லொரெந்தே, கொலம்பஸ் இத்தாலியின் ஜெனோவாக்காரர் அல்ல, மேற்கு மத்தியதரைக்கடல் பகுதியைச் சேர்ந்த செபார்திக் யூதர் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூதர்) என்றார். மறுநாள் காலை உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி.

ஆனால் அந்தப் படம் வந்தபோது ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியாகவில்லை. தரவை வேறு யாரும் பார்க்கவில்லை. ஸ்பெயினின் மரபியலாளர்களே இதைச் சுட்டிக்காட்டினார்கள். எல் பாயிஸ் அந்த விமர்சனத்தை உடனே விரிவாக வெளியிட்டது. ஸ்பெயினின் அறிவியல் ஊடக மையம் நிபுணர்களின் கருத்துகளைத் திரட்டிக் கொடுத்தது. அடிப்படை விஷயம் இதுதான்: தந்தைவழி ஒய் குரோமோசோமோ தாய்வழி மைட்டோகாண்ட்ரியாவோ ஒரே ஒரு மூதாதையர் வரிசையை மட்டும் காட்டும். ஒரு வகை செபார்திக் யூதர்களிடம் அதிகம் இருக்கலாம், மற்றவர்களிடமும் இருக்கும். ஒருவர் எந்த மதத்தைக் கடைப்பிடித்தார் என்று எந்த மரபணுவும் சொல்லாது.

முன்பு இதே குழு நிதானமாகச் செய்த வேலையும் உண்டு. செவில்லா பேராலயத்தில் இருந்த எலும்புகளைக் கொலம்பஸின் தம்பி தியேகோவின் எலும்புகளோடு ஒப்பிட்டு, 2006-ல் இரண்டுக்கும் தாய்வழி டிஎன்ஏ பொருந்துகிறது என்று அறிவித்தார்கள். கேள்வி சிறியது என்பதால் பதில் நின்றது.

நோய்க்கான பரிசோதனையை இவர்கள் எப்படி எழுதுகிறார்கள்?

2013 மே 14-க்கு முன், பின் என்று பிரிக்கலாம். அன்றுதான் ஏஞ்சலினா ஜோலி, தனக்கு பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருப்பதாகவும் இரண்டு மார்பகங்களையும் அகற்றிக்கொண்டதாகவும் எழுதினார். மருத்துவர்கள் அவருக்குச் சொன்ன கணக்கு: மார்பகப் புற்றுநோய்க்கு 87 சதவீத வாய்ப்பு, சினைப்பைப் புற்றுநோய்க்கு 50 சதவீதம். மாட்ரிட்டிலிருந்து சந்தியாகோ வரை எல்லாப் பத்திரிகைகளிலும் அந்த 87 வந்தது.

பின்னாலேயே வர வேண்டிய விவரங்கள் பல இடங்களில் கீழ்ப்பத்திகளுக்குப் போயின. மார்பகப் புற்றுநோய்களில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருபவை. அந்த 87 அவருடைய குடும்ப வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதே மாற்றம் உள்ள இன்னொரு பெண்ணுக்கு வேறு எண் வரும். அறுவை ஒரு வழி, ஆண்டுதோறும் எம்ஆர்ஐ எடுத்துக் கண்காணிப்பது இன்னொரு வழி. குடும்பத்தில் யாருக்கும் இந்தப் புற்றுநோய் வராத பெண் ஒருத்தி அந்தத் தலைப்பை மட்டும் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் கிடந்திருந்தால் அதற்குச் செய்தியாளரும் பொறுப்பு.

ஸ்பெயினில் இன்னொரு கோணமும் இருக்கிறது. 2007-ன் உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம், மரபணுப் பரிசோதனையோடு முறையான ஆலோசனையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் நெடுங்காலம் அந்நாட்டில் மருத்துவ மரபியலுக்கென்று தனிச் சிறப்புப் பிரிவே கிடையாது. ஆலோசனை சொல்ல வேண்டியவர் யார் என்ற இந்தக் கேள்வி நட்சத்திரச் செய்திகளைவிட எவ்வளவோ முக்கியம். மரபியல் சங்கங்கள் குரல் கொடுக்கும்போது மட்டும் செய்தியாகிறது.

நன்றாக எழுதப்பட்ட உதாரணம் ஏதாவது உண்டா?

உண்டு. கொலம்பியாவின் அந்தியோகியா மலைப்பகுதிக் குடும்பங்களைப் பற்றி எழுதப்பட்டவை. யாருமால் போன்ற ஊர்களில் நாற்பதுகளிலேயே மறதி வந்துவிடும் குடும்பங்கள் இருந்தன. உள்ளூரில் அதை "போபேரா" என்பார்கள், புத்தி மழுங்குவது என்ற பொருளில். சூனியம் என்று நம்பியவர்களும் உண்டு. அந்தியோகியா பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேரா, 2024-ல் அவர் இறக்கும்வரை, அந்தக் குடும்பங்களோடு வேலை செய்தார். அது இளவயதிலேயே வரும் அல்ஸைமர் நோய். காரணம் பிஎஸ்இஎன்1 மரபணுவில் ஒரு மாற்றம். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்பு. வந்துவிட்டால் பெரும்பாலும் நோய் நிச்சயம்.

நிச்சயம் என்பதால்தான் சொல்வது கடினம். சிகிச்சை இல்லாத நோய் நாற்பத்தைந்து வயதில் வரும் என்று இருபது வயதுக்காரரிடம் எதற்குச் சொல்வது? 2013-ல் தொடங்கிய கிரெனெசுமாப் மருந்துச் சோதனையில் 252 பேர் சேர்ந்தார்கள். அதில் மாற்றம் இல்லாதவர்களையும் வேண்டுமென்றே சேர்த்து, அவர்களுக்கு மருந்தில்லாத ஊசி போட்டார்கள். ஏன் தெரியுமா? மாற்றம் உள்ளவர்களை மட்டும் சேர்த்திருந்தால், "உன்னைச் சேர்த்துக்கொண்டோம்" என்ற ஒரு வரியே சோதனை முடிவைச் சொல்லிவிடும். கொலம்பியப் பத்திரிகைகள் இதைப் பொறுமையாக விளக்கின. 2022-ல் அந்த மருந்து பலன் தரவில்லை என்று வந்தபோதும் குடும்பங்களிடம் போய்ப் பேசி எழுதின. மாற்றம் இருந்தும் எழுபது வயதைத் தாண்டும்வரை மறதி அண்டாத ஒரு பெண்மணியைப் பற்றிய ஆய்வு 2019-ல் வெளியானபோது, மரபணு கடைசி வார்த்தை அல்ல என்பதை வாசகர்கள் ஓர் உயிருள்ள மனிதர் மூலம் புரிந்துகொண்டார்கள்.

வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் குடும்பங்களையும் சொல்ல வேண்டும். அவர்கள் கொடுத்த ரத்தத்தில்தான் 1993-ல், மூளையைப் பாதிக்கும் பரம்பரை நோயான ஹண்டிங்டனுக்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அந்த மக்களோ வறுமையிலேயே இருக்கிறார்கள். 2017-ல் போப் பிரான்சிஸ் அவர்களில் சிலரை வத்திக்கானுக்கு வரவழைத்தபோதுதான் பல ஊடகங்கள் திரும்பிப் பார்த்தன.

அமெரிக்காவின் ஸ்பானிஷ் தொலைக்காட்சிகள் என்ன செய்கின்றன?

அங்கே இந்தச் செய்திக்கு இன்னொரு முகம் இருக்கிறது. 2018-ல் எல்லையில் பிரிக்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோரோடு சேர்க்க டிஎன்ஏ சோதனை செய்தார்கள். 2019-ல் எல்லையில் குடும்பமாக வருபவர்களிடம் விரைவுச் சோதனை. 2020 முதல் தடுப்புக்காவலில் இருக்கும் குடியேறிகளின் மாதிரிகள் எஃப்பிஐ தரவுத்தளத்துக்குப் போகின்றன. யூனிவிஷன், டெலிமுண்டோ பார்க்கும் குடும்பம் மாலைச் செய்தியில் இதைக் கேட்கிறது. அதே சேனலில் காலையில் வரும் மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்கு மரபணுச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்கிறார். ஆவணம் இல்லாத ஒரு பெண்ணுக்கு இரண்டும் ஒரே சோதனையாகத்தானே தெரியும்?

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் ரத்தம் எங்கே போகும், எங்கே போகாது என்று சொல்லாமல் அந்த அழைப்பு முழுமையாகாது. 2008-ன் கூட்டாட்சிச் சட்டம் மருத்துவக் காப்பீட்டாளரும் முதலாளியும் மரபணு முடிவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. ஆயுள் காப்பீட்டுக்கு அந்தத் தடை கிடையாது. இதைப் பத்து வினாடியில் சொல்லிவிடலாம்.

லத்தீன் அமெரிக்கர்களுக்கு முடிவுகள் குறைவாகப் பயன்படுமா?

சில சமயம், ஆமாம். மரபணு ஆய்வுகளில் இதுவரை சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அதனால் மற்றவர்களிடம் புதிய மாற்றம் ஒன்று தெரிந்தால், கெடுதலா இல்லையா என்று சொல்ல முடியாமல் "பொருள் தெளிவில்லை" என்ற முடிவே அதிகம் வருகிறது. இந்த மூன்றாவது விடை செய்திகளில் அநேகமாக வருவதே இல்லை. எனக்கு இருக்கும் பெரிய குறை இதுதான்.

நிலைமை மெல்ல மாறுகிறது. மெக்சிகோ வம்சாவளியினரிடம் மட்டும் அடிக்கடி காணப்படும் பிஆர்சிஏ1 மரபணுவில் ஒரு பெரிய துண்டே விடுபட்டிருக்கும் மாற்றம் இப்போது அடையாளம் காணப்பட்டிருக்கிறது. கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில், தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்களான ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களிடம் யூதர்களிடையே பரவலான பிஆர்சிஏ1 மாற்றம் தெரியவந்தது. 2023-ல் மெக்சிகோ மக்களின் மரபணுவைப் பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் நேச்சர் இதழில் வந்தன. இவற்றை மெக்சிகோ பத்திரிகைகள் நாட்டின் பெருமையாக எழுதின. நோயாளிக்கு இதனால் என்ன மாறும் என்று எழுதியவை குறைவு.

பிறந்த குழந்தைக்குச் செய்யும் குதிகால் சோதனையும் இதில் சேருமா?

குதிகாலில் குத்திச் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். முதல் கட்டத்தில் அது பெரும்பாலும் ரத்தத்தின் ரசாயனத்தைப் பார்ப்பதுதான், சந்தேகம் வந்தால் மரபணுச் சோதனை தொடரும். ஸ்பெயினில் 1968-ல் கிரனாடாவில் தொடங்கியது. எத்தனை நோய்களுக்குப் பார்ப்பார்கள் என்பது பகுதிக்குப் பகுதி மாறும் என்பதால் உள்ளூர்ப் பத்திரிகைகள் இதை விடாமல் கேட்கின்றன. பயனுள்ள இதழியல்.

வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் கிட்டுகள்?

முன்பு "நான் எத்தனை சதவீதம் பூர்வகுடி" என்ற வேடிக்கைச் செய்திகளாக வந்தன. 2023-ல் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல் கசிந்து, 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்ததும் தொனி மாறியது. தரவை எப்படி அழிப்பது என்று படிப்படியாக விளக்கும் கட்டுரைகள் எல்லா ஸ்பானிஷ் தளங்களிலும் வந்தன. ஆனால் ஒருவர் அனுப்பிய எச்சில் அவருடைய அண்ணன், தங்கை, பிள்ளைகளைப் பற்றியும் சொல்கிறது, அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதைச் சிலரே எழுதினார்கள்.

ஸ்பானிஷ் ஓரளவு தெரியும். எதைப் படிக்கலாம்?

எல் பாயிஸின் அறிவியல் பிரிவான மாத்தேரியா, ஸ்பெயினின் பொதுத்துறை அறிவியல் செய்தி நிறுவனமான சிங்க், 2022-ல் தொடங்கிய அறிவியல் ஊடக மையம், எளிய நடைக்கு பிபிசி முண்டோ. அர்ஜென்டினாப் பேரப்பிள்ளைகள் பற்றிய செய்தி என்றால் பாகினா 12, லா நாசியோன் இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டின் அரசியலும் எதிரெதிர். சோதனை முடிவைப் பற்றி இரண்டும் ஒத்துப்போகும் வரிகளைத் தனியே குறித்துக்கொண்டால், ஆய்வகம் உண்மையில் என்ன சொன்னது என்பது பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.